மாத்திரைக்கு இணங்காத ஆண்மைக் குறைவு: சுவர் விளம்பரங்கள் மறைப்பது என்ன?

புது தில்லி: வட மாநிலங்களிலிருந்து தலைநகருக்கு வரும் ரயில்களில் ஜன்னலோரம் அமர்ந்தவர்கள் அந்தச் சுவர்களைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. "ரகசிய நோய்களுக்கு" உறுதியான தீர்வு தருவதாகக் கூறும் விளம்பரங்கள் தண்டவாளத்தை ஒட்டித் தொடர்ந்து வருகின்றன.

பாலுறவுத் திறனைக் கூட்டுவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கு நாடாளுமன்றம் அன்று விதித்த தண்டனை ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். இதை இரண்டு ஆண்டு சிறை, ரூ.10 லட்சம் அபராதம் என உயர்த்த 2020 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் வரைவு வெளியிட்டது. சுவர்களின் வண்ணம் மங்கியதாகத் தெரியவில்லை.

இந்த விளம்பரங்கள் பணத்தை மட்டும் பறிக்கவில்லை. நோயாளிக்குக் கிடைத்திருக்க வேண்டிய எச்சரிக்கையையும் பறிக்கின்றன.

1998-ல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட சில்டெனாபில் மாத்திரை, ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குப் போதிய பலன் தருவதில்லை. நீரிழிவு நோயாளிகளிடம் இந்த விகிதம் இன்னும் அதிகம். சிலர் வயிறு நிறைய உண்டபின் விழுங்குகிறார்கள்; போதிய நேரம் காத்திருப்பதில்லை. மருத்துவர்கள் முதலில் இதைத்தான் விசாரிக்கிறார்கள். ஆனால், முறையாக உட்கொண்டும் பலன் இல்லையென்றால் உறுப்பின் திசுவே மாறியிருக்கக்கூடும்.

ஆணுறுப்பினுள் கடற்பஞ்சு போன்ற திசு இருக்கிறது. நரம்புகளும் ரத்தக் குழாயின் உட்சுவரும் வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடு அங்குள்ள மென்தசைகளைத் தளர்த்துகிறது. ரத்தம் பாய்ந்து திசு விரியும்போது, அது வெளியேறும் சிரைகள் உறைக்கு எதிராக அழுத்தப்பட்டு மூடிக்கொள்கின்றன. மாத்திரை புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. நைட்ரிக் ஆக்சைடு தொடங்கி வைக்கும் வேலையை நீடிக்கச் செய்கிறது, அவ்வளவே. நீண்டகால நீரிழிவும் புகைப்பழக்கமும் உட்சுவரையும் நரம்பையும் சிதைத்துவிட்டால் நீடிக்கச் செய்ய எதுவும் மிஞ்சுவதில்லை. மென்தசை குறைந்து, அந்த இடத்தில் கொலாஜன் நார் படிகிறது. நார்த்திசு விரியாது, சிரைகள் மூடாது, வந்த ரத்தம் தங்காது. புராஸ்டேட் புற்றுநோய் அறுவையில் நரம்பு சேதமுற்றவர்களுக்கும் காலப்போக்கில் இதே நிலை நேரலாம்.

இது ஒரு உறுப்போடு நிற்பதன்று. அங்குள்ள தமனிகளின் குறுக்களவு 1 முதல் 2 மில்லிமீட்டர்; இதயத் தமனிகளுடையது 3 முதல் 4. ஆகவே உட்சுவர்ச் சிதைவு சிறிய குழாயில் முன்னதாக வெளிப்படுகிறது. மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே இக்குறை தலைகாட்டுவது மருத்துவ உலகம் அறிந்த ஒன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு உள்ளது. இவர்களில் எத்தனை ஆண்கள் இதய மருத்துவரிடம் போக வேண்டிய ஆண்டுகளைக் கூடார வைத்தியரிடம் கழிக்கிறார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை.

"மூலிகை" என விற்கப்படும் சில பொடிகளில் சில்டெனாபில் ரகசியமாகக் கலக்கப்படுவதும் உண்டு. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து உட்கொள்பவர் அறியாமல் இதை உண்டால், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

மாத்திரை தோற்றாலும் வழி அடைந்துவிடவில்லை. வெற்றிடக் கருவி, உறுப்பில் நேரடியாகச் செலுத்தும் ஊசி, இறுதியாகச் செயற்கைச் சாதனம் பொருத்தும் அறுவை என நவீன மருத்துவத்தில் படிகள் உள்ளன. அதற்கு முன் ரத்தச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றை அரசு மருத்துவமனைகளிலேயே செய்துகொள்ளலாம்.