சராசரிக்குள் ஒளிந்த ஆறரை கிராம்

ஆத்தூர் வட்டாரத்தில் மரவள்ளிக் காட்டிலும் சேகோ ஆலையிலும் வேலை பார்க்கும் பெண்கள் கர்ப்பமானால், கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவான பிக்மி எண் பெறுகிறார்கள். ரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் அளவையும் குறித்துக்கொள்கிறார்கள். இந்த எண்களை வைத்து நர்சிங் மாணவி ஒருவர் ஆய்வு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேச்சுக்கு ஐந்து பேர்: 6.5, 11.5, 12, 12.5, 12.5. சராசரி 11 கிராம். கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்பது வழக்கமான கணக்கு. ஆகவே பிரச்சினை இல்லை!

ஆனால் 7-க்குக் கீழே இருந்தால் கடுமையான ரத்தசோகை. முதல் பெண்ணைத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாக வேண்டும். சராசரி அவரை மறைத்துவிட்டது.

இங்கேதான், திரட்டிய எண்களைத் தொகுத்துச் சொல்லும் விளக்கப் புள்ளியியலின் மற்ற அளவுகள் கைகொடுக்கின்றன. வரிசையின் நடுவே நிற்கும் இடைநிலை அளவு 12. சராசரி அதற்கும் கீழே இருப்பதால் யாரோ ஒருவர் அதை இழுக்கிறார் என்று புரியும். மதிப்புகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைத் திட்ட விலக்கம் சொல்லும். இந்த ஐவருக்கு அது ஏறத்தாழ 2.55. இன்னொரு ஊரில் 10.8, 10.9, 11, 11.1, 11.2 என்றால் சராசரி அதே 11தான். திட்ட விலக்கமோ 0.16. முதல் ஊருக்கு ஆம்புலன்ஸ் வேண்டும், இரண்டாவது ஊருக்கு இரும்புச்சத்து மாத்திரை போதும்.

தேசிய குடும்பநல ஆய்வும் (2019–21) சராசரியை முன்னிறுத்தவில்லை. தமிழகக் கர்ப்பிணிகளில் சுமார் 48 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று விகிதமாகவே சொன்னது.

செவிலியருக்கு எதற்கு இந்தக் கணக்கெல்லாம் என்பவர்கள் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலை விளக்கேந்திய சீமாட்டியாக மட்டுமே அறிந்தவர்கள். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனாலும் இங்கிருந்த படைமுகாம்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி விவரம் திரட்டினார். இங்கிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாகிறார்கள் என்று அந்த விவரங்களையும் கொண்டு 1863-இல் வெளியான அரச ஆணைய அறிக்கை காட்டியது. எண்ணிப் பார்த்து, வீதமாக்கியதுதான் கணக்கு. அதுவே குடிநீர், சாக்கடை பற்றிய விவாதத்தைக் கிளப்பப் போதுமானதாக இருந்தது.

மூன்று பேரில் இருவரை '66.7 சதவீதம்' என்று எழுதும் ஆய்வேடுகள்தான் எரிச்சலூட்டுகின்றன. 'மூவரில் இருவர்' என்றாலே போதும். எந்த அளவு என்பதையும் தரவைப் பார்த்தே தேர வேண்டும். வலி மதிப்பெண்ணுக்கு இடைநிலை அளவு பொருத்தம். ரத்த வகைக்குச் சராசரியே கிடையாது. அதிகம் தென்படும் வகையைச் சொல்லலாம், அவ்வளவுதான். ஏன் ரத்தசோகை வந்தது, மாத்திரை வேலை செய்ததா என்பதற்கு இந்த அளவுகள் பதில் தராது. அதற்கு ஒப்பிட இன்னொரு குழு வேண்டும்.