ரவுட்டரையே கேளுங்கள்

கேஸ் அடுப்பு பற்றவில்லை என்றால் எடுத்த எடுப்பில் யாரும் ஏஜென்சிக்குப் போன் போடுவதில்லை. பக்கத்து பர்னரைப் பற்றவைத்துப் பார்ப்போம். அது எரிந்தால் கோளாறு அந்த ஒரு பர்னரோடு சரி. இரண்டுமே எரியாவிட்டால்தான் ரெகுலேட்டர், சிலிண்டர் என்று கை போகும். இணையம் நின்றால் மட்டும் இந்தப் புத்தியெல்லாம் எங்கோ போய்விடுகிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறோம்.

பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடியுங்கள். உங்கள் ரவுட்டருக்கு உரிய எண் அதன் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். நுழைவுப் பக்கம் திறந்தாலே போனுக்கும் ரவுட்டருக்கும் இடையே பாதை இருக்கிறது என்று அர்த்தம். திறக்கவில்லையா? பர்னர் அடைப்பு: வைஃபையையோ போனையோ கவனியுங்கள்.

உள்ளே ‘ஸ்டேட்டஸ்’ பக்கத்தில் வெளி இணைப்பின் ஐபி முகவரியைப் பாருங்கள். 0.0.0.0 என்றிருந்தால் சிலிண்டரிலிருந்தே கேஸ் வரவில்லை. ஃபைபர் இணைப்பு என்றால், வந்து சேரும் ஒளியின் அளவையும் சில ரவுட்டர்கள் காட்டும். வீடுகளில் பரவலாக உள்ள ஜிபான் வகையில் அது பொதுவாக -8க்கும் -27 டிபிஎம்முக்கும் இடையே இருக்க வேண்டும். -30 என்று காட்டினால் கம்பி மடங்கியிருக்கலாம், கனெக்டரில் அழுக்கு இருக்கலாம். நீங்கள் என்ன செட்டிங் மாற்றினாலும் பயனில்லை.

முகவரி இருந்தும் இணையம் இழுக்கிறதா? ‘டயக்னாஸ்டிக்ஸ்’ பக்கத்துக்குப் போய் 8.8.8.8க்கு பிங் அனுப்புங்கள். பிங் என்பது ஒரு சின்னத் தகவலை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிவிநாடி ஆகிறது என்று பார்ப்பது. மைக் மூஸ் 1983இல் எழுதிய நிரல். போனிலிருந்தும் இதைச் செய்யலாம். ஆனால் போனின் பிங் வைஃபையைக் கடந்து போகிறது, ரவுட்டரின் பிங் அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. இங்கே எல்லாப் பதிலும் ஒழுங்காக வந்து, போனில் மட்டும் விட்டுவிட்டு வந்தால் குற்றவாளி வைஃபைதான். பாதிப் பிரச்சினை இந்த ஓர் ஒப்பீட்டிலேயே தீர்ந்துவிடும்.

எண்ணுக்குப் பதில் வருகிறது, தளத்தின் பெயரைக் கொடுத்தால் வரவில்லை என்றால் கேஸ் வருகிறது, லைட்டர்தான் பொறி தட்டவில்லை. பெயரை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. அந்த அமைப்பில் 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள்.

பிங்குக்கு அருகிலேயே டிரேஸ்ரூட் இருக்கும். ஒவ்வொரு தகவலுக்கும் இத்தனை ரவுட்டர்தான் தாண்டலாம் என்று ஒரு வரம்பு உண்டு. முதலில் 1, பிறகு 2, 3 என்று வரம்பைக் கூட்டி அனுப்ப, வரம்பு தீர்ந்த இடத்திலுள்ள ரவுட்டர் ‘இங்கேயே முடிந்தது’ என்று திருப்பிச் சொல்லும். வழி முழுக்க இப்படித்தான் தெரியவருகிறது. நடுவில் நட்சத்திரக் குறி வந்தால் பதற வேண்டாம். சில ரவுட்டர்கள் பதில் சொல்லாமலே தகவலைக் கடத்திவிடும். கடைசிவரை நட்சத்திரமாகவே போனால்தான் சந்தேகப்படலாம்.

அணைத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்று: ‘சிஸ்டம் லாக்’ பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல ரவுட்டர்களில் அணைத்ததும் அது அழிந்துவிடும். இணைப்பு எத்தனை மணிக்கு அறுந்தது என்ற விவரம் அதில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் சேவையில் அதைக் கேட்டால் சொல்ல உதவும்.