தோட்டாவை மாற்றினால் ஸ்கோர் ஏறுமா? கிளே ஷூட்டிங்கில் கார்ட்ரிட்ஜ் எவ்வளவு முக்கியம்

2023 அக்டோபர் 1, சீனாவின் ஹாங்சோ. ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆண்கள் டிராப் குழுப் பிரிவில் இந்திய அணி 361 தட்டுகளை உடைத்துத் தங்கம் வென்றது. வெள்ளி வாங்கிய குவைத்துக்கு 359. மூன்று பேர் சேர்ந்து சுட வேண்டிய 375 தட்டுகளில், தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே வெறும் இரண்டு தட்டுதான் வித்தியாசம்.

அந்த இந்திய மூவரில் ஒருவர் புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான். அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலும் அவர் களமிறங்கினார். 125-க்கு 118 எடுத்தார். நம்மில் யாராவது இந்த ஸ்கோரை எடுத்தால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவோம். பாரிஸில் அதற்குக் கிடைத்தது 21-வது இடம். ஏழே ஏழு தட்டு தவறியதற்கு, அவருக்கு முன்னால் 20 பேர்.

ஒரு தட்டில் தலையெழுத்து மாறுகிற விளையாட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது: நல்ல தோட்டா வாங்கினால் அந்த ஒன்றிரண்டு தட்டு கூடுதலாக விழுமா? சுபாங் திடலில் முதல் முறை துப்பாக்கியைத் தோளில் வைக்கிறவரும் இதைத்தான் கேட்கிறார், பத்து வருஷமாகச் சுடுகிறவரும் இதைத்தான் கேட்கிறார். ஆனால் இரண்டு பேருக்கும் பதில் வேறு வேறு.

முதலில், அந்தக் குழாய்க்குள் என்ன இருக்கு?

கிளே பீஜன் என்று பெயர் இருந்தாலும் அதில் களிமண்ணும் இல்லை, புறாவும் இல்லை. சுண்ணாம்புக்கல் தூளையும் பிட்ச் என்ற தார் போன்ற பொருளையும் சேர்த்து அச்சில் வார்த்த தட்டு அது. சர்வதேச விதிப்படி விட்டம் 110 மில்லிமீட்டர், எடை சுமார் 105 கிராம். டிராப் போட்டியில் இது சுடுபவருக்கு 15 மீட்டர் முன்னால் உள்ள பள்ளத்திலிருந்து, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில், அவரை விட்டு விலகிப் பறக்கும். எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டித் தெரியாது.

இதை உடைக்க ரைபிள் போல ஒற்றைக் குண்டு உதவாது. ஷாட்கன் தோட்டாவில் ஒரு பிளாஸ்டிக் குழாய், அடியில் பித்தளை மூடி, அதற்குள் பிரைமர், மேலே வெடிமருந்து, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், கிண்ணம் நிறைய மிளகைவிடச் சின்ன ஈயக் குண்டுகள். சுட்டதும் இந்தக் குண்டுகள் மேகம் மாதிரி விரிந்து போகும். தட்டு அந்த மேகத்துக்குள் சிக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

போட்டி விதிகளை எழுதும் சர்வதேச துப்பாக்கி சுடும் விளையாட்டுச் சம்மேளனம், ஒரு தோட்டாவில் 24 கிராம் ஈயம்தான் என்று கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. அளவுப் பிழைக்காக அரை கிராம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்வார்கள், அதற்கு மேல் இல்லை. ஒரு காலத்தில் இது 32 கிராம். பிறகு 28 ஆனது, அப்புறம் 24. குண்டின் விட்டத்துக்கும் உச்சவரம்பு உண்டு, 2.6 மில்லிமீட்டர். ஆக, பெரிய போட்டிக்குப் போகிறவருக்கு "பவர்" தேர்ந்தெடுக்கும் வசதியே கிடையாது. கிளப் அளவில் ஆடும் ஸ்போர்ட்டிங் போன்ற வகைகளில் 28 கிராம் சகஜம். அமெரிக்க டிராப்பில் 32 வரை போகலாம்.

வேகத் தோட்டா என்ற மாயை

பெட்டி மேல் பெரிதாக அச்சடிப்பது வேகத்தைத்தான். வினாடிக்கு 400 மீட்டர், 415 மீட்டர் என்று. 415 தானே பெட்டர்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டிராப்பில் தட்டு பொதுவாக 35 மீட்டர் தொலைவில் இருக்கும்போது உடைபடுகிறது. 400-ல் கிளம்பும் குண்டு அங்கே போய்ச் சேர வினாடியில் எட்டில் ஒரு பங்கு ஆகும். 415-ல் கிளம்பினால் மிச்சமாவது ஒரு வினாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு. காற்றில் வேகமான குண்டு இன்னும் சீக்கிரம் வேகம் இழக்கும் என்பதால் ஆரம்பத்தில் இருந்த வித்தியாசம் போகப் போகக் குறைந்துவிடும். அந்த ஆயிரத்தில் மூன்று வினாடியில் தட்டு பக்கவாட்டில் எவ்வளவு நகரும்? ஐந்தாறு சென்டிமீட்டர். குண்டு மேகத்தின் அகலமோ அந்தத் தொலைவில் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர்.

இப்போது இன்னொரு எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துப்பாக்கி ஒரே ஒரு டிகிரி விலகினால், 35 மீட்டரில் மேகம் 61 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். தட்டு அதற்குள் வரவே வராது. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து கொஞ்சம் தூக்கினாலே இந்த ஒரு டிகிரி வந்துவிடும். தோட்டா தருவது ஆறு சென்டிமீட்டர், கன்னம் கெடுப்பது அறுபது. ஆரம்ப நிலையில் உள்ளவர் எதில் காசு போட வேண்டும் என்பது இதிலேயே தெரியும்.

அப்படின்னா எல்லாத் தோட்டாவும் ஒண்ணுதானா? இல்லை. வித்தியாசம் வேகத்தில் இல்லை, குண்டுகள் எவ்வளவு சீராகப் பரவுகின்றன என்பதில் இருக்கிறது.

24 கிராமில் 2.4 மில்லிமீட்டர் குண்டுகள் சுமார் 300 இருக்கும். முனை நன்றாகக் குறுகிய குழலில் சுட்டால், சுமார் 37 மீட்டரில் அதில் 70 விழுக்காடு, அதாவது 210 குண்டுகள், 75 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழும் என்பது பொதுவான கணக்கு. அந்த வட்டத்தை 210 ஆகப் பங்கு போட்டால் ஒரு குண்டுக்கு ஏறக்குறைய 21 சதுர சென்டிமீட்டர். தட்டின் முழு முகம் நமக்குத் தெரிந்தால் அது 95 சதுர சென்டிமீட்டர். நாலு குண்டு உறுதி. ஆனால் விலகிப் பறக்கும் தட்டு பெரும்பாலும் விளிம்பைத்தான் காட்டும். அப்போது தெரிவது 25 சதுர சென்டிமீட்டர்தான். அதாவது ஒரு குண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு.

மேகத்தின் நடுவில் குண்டுகள் இதைவிட நெருக்கமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் ஓரத்தில் ஒரு ஓட்டை விழுந்தால், சரியாகக் குறி வைத்தும் தட்டு முழுசாகப் பறந்து போகும். மலிவான தோட்டா காலை வாருவது இங்கேதான். சுத்த ஈயம் மெத்தென்று இருக்கும். வெடிக்கும் அழுத்தத்தில் நசுங்கி, உருண்டை போய் சப்பையாகிவிடும். சப்பையான குண்டு நேராகப் போகாது, பின்தங்கி விலகும். அதனால்தான் நல்ல தோட்டாவில் ஈயத்தோடு ஆன்டிமனி என்ற உலோகத்தைச் சில விழுக்காடு கலந்து கெட்டியாக்குகிறார்கள். பெட்டியில் வேகத்தைப் பெரிய எழுத்தில் போடுவார்கள், ஆன்டிமனி அளவைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். சில பெட்டியில் அது இருக்கவே இருக்காது.

ஸ்கீட் சுடுகிறவருக்கு இந்தக் கவலை குறைவு. அங்கே தட்டு கிட்டத்தில், 20 மீட்டர் சுற்றளவில் குறுக்கே பறக்கும். 2 மில்லிமீட்டர் குண்டு போட்டால் அதே 24 கிராமில் 500-க்கு மேல் அடங்கும். அதே தோட்டாவை டிராப்புக்குக் கொண்டு போனால், சின்னக் குண்டுகள் தூரத்தில் வலு இழந்து, தட்டில் பட்டும் உடைக்காமல் தூசி மட்டும் கிளப்பும். ஆக, குண்டின் அளவை விளையாட்டுக்கு ஏற்ப எடுப்பது கட்டாயம். பிராண்ட் என்பது அதற்கு அப்புறம் வரும் கேள்வி.

தோளும் பர்ஸும்

புதிதாகச் சுடுகிறவருக்குத் தோட்டா உண்மையிலேயே முக்கியமாகும் ஓர் இடம் உண்டு. அது உதை. அதே வேகத்தில் 24-க்குப் பதில் 28 கிராம் போட்டால், துப்பாக்கி தோளில் திருப்பி அடிக்கும் ஆற்றல் சுமார் 30 விழுக்காடு கூடும். முதல் பத்துத் தட்டுக்குத் தெரியாது. அறுபதாவது தட்டில், விசையை இழுக்கும் முன்பே உடம்பு தானாகப் பின்வாங்க ஆரம்பிக்கும். கன்னம் தூக்கும், கண் மூடும். மேலே சொன்ன அந்த ஒரு டிகிரி வந்துவிட்டது. கூடுதல் குண்டுகள் இருந்தால் கூடுதலாக உடையும் என்று கனமான தோட்டா வாங்குகிறவர், பெரும்பாலும் அதற்கு நேர் எதிரான பலனைத்தான் வாங்குகிறார். என்னைக் கேட்டால் முதல் வருஷத்துக்கு 24 கிராம், மிதமான வேகம் போதும்.

அடுத்தது காசு. டிராப் தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுடலாம். 125 தட்டுக்கு அதிகபட்சம் 250 தோட்டா. ஒரு தோட்டாவுக்கு 20 சென் கூடுதல் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு முழுச் சுற்றுக்கு 50 ரிங்கிட். அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து இன்னும் நாலு ரவுண்ட் பயிற்சி எடுத்தால் ஸ்கோர் நிச்சயம் அசையும். அனுபவம் உள்ள சிலர் இதில் ஒரு நடு வழி வைத்திருக்கிறார்கள்: முதல் குழலில் சாதாரணத் தோட்டா, தட்டு தூரம் போன பிறகு சுடும் இரண்டாவது குழலில் மட்டும் கெட்டியான, விலை கூடிய தோட்டா.

"புது பிராண்ட் மாத்தினேன், 20-லிருந்து 23 ஆச்சு!"

இதைச் சொல்லாத ஷூட்டர் இல்லை. நம்பலாமா? பத்தில் எட்டு தட்டு உடைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 25-க்கு அவருடைய சராசரி 20. எதையுமே மாற்றாமல் விட்டாலும், வெறும் தற்செயலால் அவருடைய ஸ்கோர் ஒருநாள் 18, ஒருநாள் 22 என்று ஆடிக்கொண்டே இருக்கும். 23 வருவதும் அதிசயமில்லை. ஒரு பிராண்ட் அவரை 80 விழுக்காட்டிலிருந்து 82-க்கு உயர்த்துகிறது என்று ஸ்கோரை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல, ஒவ்வொரு பிராண்டிலும் ஆறாயிரம் தட்டுக்கு மேல் சுட வேண்டும். யாரும் செய்யப் போவதில்லை.

அதைவிட எளிய வழி இருக்கிறது. திடலின் அனுமதியோடு, ஒரு மீட்டர் அகலத் தாளை 35 மீட்டரில் வைத்து, உங்கள் துப்பாக்கியிலேயே ஒரு பிராண்டுக்கு ஐந்து தாள் சுட்டுப் பாருங்கள். ஓட்டை விழுந்த மேகம் எது, சீரான மேகம் எது என்று கண்ணுக்கே தெரியும். ஒரே தோட்டா இரண்டு துப்பாக்கியில் இரண்டு மாதிரி பரவும், அதனால் நண்பர் சொன்ன பிராண்ட் உங்களுக்கும் சரிவரும் என்று நினைக்க வேண்டாம். இன்னொன்று, வெடிமருந்து சூட்டில் வேகமாக எரியும். வெயிலில் நிறுத்திய காரின் பூட்டில் கிடந்த பெட்டியையும் நிழலில் வைத்த பெட்டியையும் ஒப்பிட்டால் அது சோதனையே இல்லை. நம்ம ஊர் வெயிலில் இதை மறக்கக் கூடாது.

ஈயத்தின் எதிர்காலம் வேறு கதை. அது நச்சு உலோகம் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி முதல் ஈரநிலங்களில் ஈயக் குண்டுகளைத் தடை செய்திருக்கிறது. மாற்றாக வரும் எஃகு ஈயத்தைவிட எடை குறைவு, தூரத்தில் சீக்கிரம் வேகம் இழக்கும். எஃகு கட்டாயமானால், மேலே உள்ள கணக்கு முழுவதையும் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

மலேசியாவில் இதையெல்லாம் விட முதலில் வருவது சட்டம். உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா வைத்திருந்தாலும், 1960 ஆயுதச் சட்டத்தின் 8-வது பிரிவின் கீழ் ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஷூட்டிங் ஜாக்கெட்டின் பாக்கெட்டில் சுடாத தோட்டா ஒன்று தங்கிவிடுவது சாதாரணமாக நடக்கும். அதே ஜாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு கே.எல்.ஐ.ஏ.வுக்குப் போனால், ஸ்கேனர் அதைக் கண்டுபிடிக்கும். திடலை விட்டுக் கிளம்பும் முன் எல்லாப் பாக்கெட்டையும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.