ஐவிஎஃப்: லோன் எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

போன மாசம் ரிட்டர்ன் ஃபைல் பண்ண வந்த ஒரு தம்பதி, பர்சனல் லோன் எடுத்துச் செஞ்ச ஐவிஎஃப் செலவை 80டி-ல காட்டலாமான்னு கேட்டாங்க. முடியாது. 80டிடிபி நோய்ப் பட்டியல்லயும் குழந்தையின்மை இல்லை.

அப்போ என்ன பண்ணலாம்?

1. ஒரு வருஷம் முயற்சி பண்ணியும் கரு தங்கலைன்னா, மனைவிக்கு 35 தாண்டியிருந்தா ஆறே மாசத்துல, டாக்டரைப் பாருங்க. பணம் சேரட்டும்னு தள்ளிப்போடாதீங்க; வயசு ஏற ஏற வெற்றி வாய்ப்பு குறையும்.

2. பிசிஓஎஸ், கருக்குழாய் அடைப்பு, விந்தணுக் குறைவுன்னு காரணம் ரெண்டு பக்கமும் இருக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்தே டெஸ்ட் எடுங்க. விந்துப் பரிசோதனைக்குச் செலவு கம்மிதான். சிலருக்கு மாத்திரையோ ஐயூஐயோ போதும். சிகரெட்டை விட்டா உடம்புக்கும் லாபம், பர்ஸுக்கும் லாபம்.

3. தனிநபர் பாலிசிகள் பலதுல இந்த சிகிச்சைக்கு கவர் கிடையாது. சில கம்பெனி குரூப் பாலிசியில குறிப்பிட்ட லிமிட் வரை உண்டு. வேலை மாறுறதுக்கு முன்னாடி எச்ஆர்கிட்ட கேளுங்க.

4. முதல் சைக்கிளே பலிக்கும்னு உறுதியில்லை. ரெண்டுக்கு பட்ஜெட் போடுங்க. ஊசி, மருந்து, கருவை உறைய வைக்கிற செலவு எல்லாம் சேர்த்து எஸ்டிமேட்டை எழுத்துல வாங்குங்க. 2021 ஏஆர்டி சட்டப்படி பதிவான கிளினிக்தானான்னும் பாருங்க.

சந்தேகம் இருந்தா வீடியோவுக்குக் கீழ கேளுங்க.