பரந்து வருவாரைத் தடுக்கும் வகை

விளையாட்டிலே தாக்குவோன் ஒருவன் தனித்து நின்றும் புகழ் பெறலாம். தடுத்தலோ பலர் ஒன்றுபட்டாலன்றிக் கைகூடாது. சிறிய பள்ளியொன்று பெரிய பள்ளியை எதிர்த்து நிற்க வேண்டின், முதற்கண் பயில வேண்டுவது இத்தடுக்குங் கலையே. ஆதலின் அதனை நம் மாணவர் பொருட்டுச் சிறிது விளக்கப் புகுகின்றேன்.

றகர் எனப்படும் றக்பி ஆட்டம் நம் மலைநாட்டுக்குப் புதியதன்று. கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டித் திரித்துவக் கல்லூரியும் பொருதும் பிராட்பி கேடயப் போட்டி 1945ஆம் ஆண்டு தொடங்கியது. இரண்டு ஆட்டங்களிற் பெற்ற புள்ளிகளைக் கூட்டியே அதில் வெற்றி துணியப்படும். ஆகவே, நாம் புள்ளி பெறுதல் எத்துணைச் சிறப்போ, மாற்றார் பெறாது தடுத்தலும் அத்துணைச் சிறப்பாகும்.

றகர்க் களத்தின் அகலம் 70 மீற்றர் வரையாகும். ஓரணியில் 15 பேர். இருவர் பின்னே காவல் நிற்பின் முன்வரிசைக்கு 13 பேர் எஞ்சுவர். ஒருவர் காக்கும் இடம் ஐந்து மீற்றருக்குச் சற்று மேல். எழுவர் ஆடும் ஆட்டத்திலும் களம் அதுவே. அங்கே ஒருவர் பின்னிற்க அறுவர் முன்னின்றால், ஒருவருக்கு ஏறக்குறைய 12 மீற்றர் வரும். பரந்து தாக்குவோர் நாடுவது இவ்விடைவெளியையே. வரிசையை அகல இழுத்து, ஒரு காவலனை இருவர் எதிர்கொள்ளுமாறு செய்தலே அவர்தம் நோக்கம்.

இதற்கு மாற்று இரண்டு. ஒன்று, ஒதுக்கித் தடுத்தல். பந்து கைமாறுந்தோறும் காவலர் யாவரும் வெளிப்புறமாக நகர்ந்து அடுத்தவனைப் பற்றுவர். தாக்குவோர் ஓரத்துக்குத் தள்ளப்படுவர். அவ்வேளை எல்லைக்கோடும் ஒரு காவலனாகும். எண்ணிக்கையிற் குறைந்தபோது இது உதவும். ஆயின் நிலம் சிறிது விட்டுக்கொடுக்க நேரும். உட்புறம் திரும்பி ஓடுவானுக்கு வழியும் திறக்கும்.

மற்றையது, விரைந்து நெருக்குதல். றகரிற் பந்தைக் கையால் முன்னோக்கி எறிதல் கூடாது. ஆதலின் பந்து கைமாறும்போது தாக்குவோர் நிலம் இழப்பர். அந்நொடியில் வரிசை முழுவதும் ஒருசேரப் பாய்ந்தால் அவர்க்குச் சிந்திக்க நேரமிராது. ஆனால் ஒருவன் முந்தினும் பிந்தினும் வாயில் திறந்துவிடும். தலைக்கு மேலாக உதைக்கப்படும் பந்துக்கும் பின்னே ஆள் வேண்டும்.

நிற்க. அமெரிக்க உதைபந்தாட்டத்திலே இச்சிக்கல் இன்னும் பெரிது. களத்தின் அகலம் ஏறக்குறைய 49 மீற்றரே; அணியில் 11 பேர். எனினும் பந்தை முன்னோக்கி எறிய அங்கே விதி இடந்தருவதால், அகலத்தோடு ஆழத்தையுங் காக்க வேண்டும். பந்தேற்போர் நால்வர் ஐவர் அகன்று நிற்பின், தடுக்கும் அணி பருத்த காவலன் ஒருவனை நீக்கி விரைந்தோடுவான் ஒருவனைச் சேர்க்கும். பின்காவலர் ஐவராகும் அவ்வகுப்பை, ஐந்து சத நாணயத்தின் பெயரால் 'நிக்கல்' என்பர். அப்போது நடுப்பகுதி மெலியும். பந்தெறிவோன் தானே ஓடவுந் துணிவான். ஆகவே அவனை இன்னார், அருகில் ஓடுவோனை இன்னார் காப்பர் என முன்னரே வகுத்துக்கொள்வர்.

லக்கலப் பகுதியிற் சேனைப் பயிரை இரவிற் காப்போர் இவ்வுண்மையை நன்கறிவர். ஒரு மூலையிற் சலசலப்புக் கேட்டு எல்லோரும் அங்கே ஓடினால், மறுமூலையிற் பன்றி புகுந்துவிடும். தன் இடத்தைக் காத்தலும், அயலானைக் குரல்கொடுத்து எச்சரித்தலுமே காவலுக்கு உயிர்.

இவ்வளவும் அறிந்தும் மடக்கிப் பிடிக்குஞ் செம்மை அறியாதவன் தனக்கும் பிறர்க்கும் ஊறு செய்வான். பிடிப்போன் தலை நிமிர்ந்திருத்தல் வேண்டும். தன் தலையை எதிரியின் ஓட்டத்துக்குக் குறுக்கே வையாது, தோளாற் றாழப் பற்றல் வேண்டும். தோளுக்கு மேலே பிடித்தல் குற்றம். உலக றக்பி அமைப்பு 2017இல் அதற்குரிய தண்டனையைக் கடுமையாக்கியது. தலையில் அடிபட்டவன் உடனே களத்தை விட்டு நீங்கல் வேண்டும். வெற்றி வேட்கையால் அதனை மறைத்தல் வீரமன்று.

பழைய மாணவர் பந்தும் சப்பாத்தும் உதவுதல் போற்றத்தக்கது. அவருள் ஆடிப் பழகியோர் மாலை வேளைகளில் வந்து, போட்டிக் காலத்துக்கு முன்னரே புல்தரையில் இளையோர்க்குப் பிடிக்கும் முறையைக் கற்பிப்பாராயின், அவ்வுதவி பன்மடங்கு பயன்றரும். கேடயம் வரினும் வாராதொழியினும், பிள்ளைகள் ஊறின்றி வீடு திரும்புதல் வேண்டும்.