தோற்றவருக்கும் திறக்கும் கதவு

பிரெஞ்சு ஓபன் டென்னிஸில் ஆண்கள் ஒற்றையர் பிரிவுக்கு 128 இடங்கள். சுமார் 6 வாரங்களுக்கு முன் வெளியான உலகத் தரவரிசையை வைத்து வழக்கமாக 104 பேரை நேரடியாகச் சேர்த்துவிடுவார்கள். ‘வைல்டு கார்டு’ எனப்படும் 8 இடங்கள் போட்டி நடத்துவோரின் விருப்பம்; பெரும்பாலும் உள்நாட்டு வீரர்களுக்குப் போய்விடும். மிச்சமிருக்கும் 16 இடங்கள்தான் கீழே இருப்பவர்களின் நம்பிக்கை. அவற்றுக்காக முந்தைய வாரமே இன்னொரு 128 பேர் தகுதிச் சுற்றில் மோதுகிறார்கள். வரிசையாக மூன்று ஆட்டங்களை வென்றாக வேண்டும்.

இந்த வழி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு 2021 அமெரிக்க ஓபன் சாட்சி. 150-ஆவது இடத்தில் இருந்த எம்மா ரடுகானு, தகுதிச் சுற்றில் தொடங்கி 10 ஆட்டங்களை ஒரு செட்கூட இழக்காமல் வென்று கோப்பையைத் தூக்கினார்.

ஆனாலும், அந்த மூன்றாவது ஆட்டத்தில் தோற்றவர்களின் கதைதான் என்னை அதிகம் ஈர்க்கிறது. பிரதானச் சுற்றில் யாராவது காயத்தால் விலகினால் இவர்களில் ஒருவரை ‘லக்கி லூசர்’ என்று உள்ளே அழைப்பார்கள். ரயில் வெயிட்டிங் லிஸ்ட் மாதிரிதான். ஆனால் வீட்டிலிருந்தபடி காத்திருக்க முடியாது. ஆட்டநாள் காலையில் மைதானத்துக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வேறு ஊரில் அதே வாரம் நடக்கும் போட்டிக்குப் போய்விட்டால் வாய்ப்பு போயிற்று. வாராவாரம் ஆடிப் பிழைக்கும் ஒருவருக்கு, வராமலே போகக்கூடிய அழைப்புக்காகச் சும்மா உட்கார்ந்திருப்பது பெரிய சூதாட்டம்.

2018-இல் ஒரு விதி மாறியது. அதுவரை காயம்பட்டவர்கள் முதல் சுற்றுப் பணத்துக்காக நொண்டிக்கொண்டே களமிறங்கிப் பாதியில் விலகுவார்கள். இனி ஆடாமல் விலகினாலும் பாதிப் பணம் உண்டு, மறுபாதி பதிலாக ஆடுபவருக்கு என்றார்கள். மிக நியாயமான விதி. அந்த ஆண்டு பாரிஸில் நடந்த பிரெஞ்சு ஓபனில் ஆண்கள் பிரிவில் மட்டும் 8 லக்கி லூசர்கள் உள்ளே வந்தார்கள்.

கடைசியாக நிக் கிர்கியோஸ் விலகியபோது, அழைப்பு சென்னையைச் சேர்ந்த பிரஜ்னேஷ் குணேஸ்வரனுக்குப் போக வேண்டியது. அவரோ இத்தாலியில் ‘சேலஞ்சர்’ எனப்படும் இரண்டாம் நிலைப் போட்டி ஒன்றுக்குக் கிளம்பிவிட்டிருந்தார். அடுத்து அர்ஜென்டினாவின் மார்கோ ட்ருங்கெலிட்டி. தோற்றுப் பார்சிலோனா வீட்டுக்குத் திரும்பியிருந்த அவர், அம்மா, தம்பி, எண்பதைக் கடந்த பாட்டி எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் ஓட்டி நள்ளிரவு நெருங்கும் வேளையில் பாரிஸ் சேர்ந்தார். மறுநாள் காலை 11 மணிக்குக் களமிறங்கி, பெர்னார்ட் டோமிச்சை நான்கு செட்களில் வீழ்த்தினார். இரண்டாம் சுற்றுக்கான பரிசு 79,000 யூரோ.

அந்த வாய்ப்பைத் தவறவிட்ட பிரஜ்னேஷ் பிறகு படிப்படியாக ஏறினார். 2019 ஜனவரியில் மூன்று தகுதி ஆட்டங்களையும் வென்று ஆஸ்திரேலிய ஓபனுக்குள் நுழைந்தார். பிப்ரவரியில் சென்னை சேலஞ்சரில் அரையிறுதி. தரவரிசையில் முதல் 100-க்குள் வந்தார். மார்ச்சில் இண்டியன் வெல்ஸிலும் தகுதிச் சுற்று வழியாகவே நுழைந்து மூன்றாம் சுற்றுவரை போனார். இந்த வெற்றிகள் தந்த தரவரிசைப் புள்ளிகளின் பலத்தில், அதே ஆண்டு பிரெஞ்சு ஓபனில் நேரடியாக இடம்பெற்ற 104 பேரில் அவர் பெயரும் இருந்தது.