மாநிலம் மாறினால் விடுப்பும் மாறும்

டாலஸ் நகரில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறக்கிறது. விடுப்பு நாட்களுக்குச் சம்பளம் தந்தே ஆகவேண்டும் என்று சொல்லும் சட்டம் டெக்சாஸில் இல்லை. நிறுவனம் மனது வைத்தால் உண்டு. அவரே நியூஜெர்ஸியில் வேலை பார்த்தால் கதை வேறு. பிரசவத்தை ஒட்டிய வாரங்களுக்கு ஒரு காப்பீடு, பிறகு குழந்தையுடன் இருக்க 12 வாரங்களுக்கு இன்னொரு காப்பீடு என்று, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, சம்பளத்தில் 85 சதவீதம் வரை கைக்கு வரும்.

அமெரிக்கா முழுமைக்கும் பொதுவான சட்டம் ஒன்றுதான். 1993இல் அதிபர் பில் கிளிண்டன் கையெழுத்திட்டது. பிரசவம், கடும் நோய், குடும்பத்தாரைப் பராமரித்தல் ஆகியவற்றுக்காக ஆண்டுக்கு 12 வாரம் விடுப்பு எடுக்கலாம், வேலை போகாது. ஆனால் சம்பளமும் கிடையாது. 50 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் தனியார் நிறுவனம் என்றால் அந்த உரிமையும் இல்லை.

இந்த இடைவெளியை முதலில் நிரப்பியது கலிஃபோர்னியா. 2002இல் சட்டம் இயற்றி, 2004இல் பணம் கொடுக்கத் தொடங்கியது. உடல்நலம் குன்றிய தொழிலாளர்களுக்கு உதவும் நிதி அங்கே 1946 முதலே இருந்தது. குடும்ப விடுப்பை அதோடு சேர்த்துக்கொண்டார்கள். ரோட் ஐலண்ட், நியூஜெர்ஸி, நியூயார்க் மாநிலங்களும் 1940களில் போட்ட இத்தகைய அடித்தளத்தின் மேல்தான் கட்டின. அந்த அடித்தளம் இல்லாத வாஷிங்டன் மாநிலம் 2007இல் சட்டம் இயற்றியும், நிதி ஒதுக்காததால் அது கிடப்பில் போனது. புதிய சட்டத்தின்படி மக்கள் கையில் பணம் வர 2020 ஆயிற்று.

இன்று 13 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் கட்டாயச் சட்டம் உண்டு. ஒன்றுபோல் ஒன்றில்லை. மாசசூசெட்ஸில் சொந்த நோய்க்கு 20 வாரம், குடும்பத்துக்காக 12 வாரம், இரண்டும் சேர்ந்தால் 26 வாரம் வரை. கலிஃபோர்னியாவில் குடும்ப விடுப்பு 8 வாரம். ஓரிகனில் குறைந்த சம்பளக்காரர்களுக்கு முழுச் சம்பளமும் கிடைக்கும்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? கலிஃபோர்னியாவிலும் கனெக்டிகட்டிலும் தொழிலாளர் சம்பளத்திலிருந்து பிடிக்கிறார்கள். தலைநகரில் முழுவதும் நிறுவனங்களே செலுத்துகின்றன. ஓரிகனில் இருவரும் பங்கிடுகிறார்கள்.

யார் குடும்பம் என்பதிலும் வேறுபாடு உண்டு. மத்தியச் சட்டம் துணைவர், பிள்ளைகள், பெற்றோரோடு நின்றுவிடுகிறது. மாமியார், மாமனார்கூட அதில் இல்லை. கொலராடோவிலும் ஓரிகனிலும் இரத்த உறவு இல்லாவிட்டாலும் குடும்பத்தாரைப் போலப் பழகும் ஒருவரைப் பராமரிக்கவும் விடுப்பு உண்டு.

2026 ஜனவரியில் டெலவேரும் மினசோட்டாவும் இந்த வரிசையில் சேர்ந்தன. மேரிலாண்ட் பணம் கொடுப்பதை 2028க்குத் தள்ளிவைத்தது. நாடு முழுவதற்கும் 4 வார ஊதிய விடுப்பு தரும் மசோதா 2021இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை. ஆனால் மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு, குழந்தை பிறந்தால் 2020 அக்டோபர் முதல் 12 வாரம் சம்பளத்துடன் விடுப்பு தருகிறது. அந்த உரிமையை டாலஸில் உணவகத்தில் பரிமாறும் பெண்ணுக்கும் நாடாளுமன்றம் தரவேண்டும்.